கோவையில் ஃபிளாட் இருக்கும்போது லிவிங்ஸ்டனில் வீடு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நானும் கணவரும் 4 வயது மகளும் 2021 முதல் ஸ்காட்லாந்தில் இருக்கிறோம். நான் லிவிங்ஸ்டன் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் நர்ஸ், வருடச் சம்பளம் 41,000 பவுண்டு. கணவருக்கு எடின்பரோவில் வேலை, 38,000. எடின்பரோவில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு மாதம் 1,350 பவுண்டு வாடகை கொடுக்கிறோம். லிவிங்ஸ்டன் எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆறு, மரங்கள், பாப்பா விளையாட இடம், கடைகள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. எலிபர்ன் பகுதியில் மூன்று பெட்ரூம் வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். விற்பவர் தரும் சர்வே அறிக்கையான ஹோம் ரிப்போர்ட்டில் மதிப்பு 2,40,000. இன்னும் 5,000 கூடக் கொடுத்தால்தான் கிடைக்கும் என்கிறார்கள். சேமிப்பு 52,000 பவுண்டு. அதில் 10,000 எங்கள் இருவர் பெயரிலும் ஆளுக்கு 5,000 வீதம் லைசா என்ற சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. கோவையில் என் பெயரில் ஒரு ஃபிளாட் உண்டு. 2017-ல் 42 லட்சத்துக்கு வாங்கியது, இப்போது 62 லட்சம் போகும். கடன் முடிந்துவிட்டது, மாதம் 14,000 ரூபாய் வாடகை வருகிறது. கணவரின் ஊரில் மாமனார் சம்பாதித்துக் கட்டிய வீடு இருக்கிறது, அது அவர் பெயரில்தான் உள்ளது. இந்தியாவில் வீடு இருந்தால் இங்கே வரி கூடும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். உண்மையா? ஃபிளாட்டை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டால் போதுமா? — ஒரு வாசகி, எடின்பரோ

பதில்: உங்கள் தோழி சொன்னது உண்மைதான். கோவை ஃபிளாட் உங்கள் பெயரில் இருக்கும்போதே இந்த வீட்டை வாங்கினால் 19,600 பவுண்டு கூடுதல் வரி கட்ட வேண்டியிருக்கும். இத்தனை வருடம் நைட் டியூட்டி பார்த்துச் சேர்த்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது. அதனால் அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும்போது கட்டும் வரி எல்பிடிடி. இங்கிலாந்தின் ஸ்டாம்ப் டூட்டிக்கு இங்கே இருக்கும் வடிவம் அது. 1,45,000 பவுண்டு வரை வரி இல்லை. அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம். நீங்கள் கொடுக்கப்போகும் 2,45,000-க்கு இது 2,000 பவுண்டு. இதோடு நின்றால் கவலையே இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு வீடு வைத்திருப்பவர் இன்னொன்று வாங்கினால் ஏடிஎஸ் என்ற கூடுதல் வரியும் சேரும். 2024 டிசம்பர் முதல் அது 8 சதவீதம். ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும் 8 சதவீதம்.

இந்தச் சட்டத்துக்கு அந்த இன்னொரு வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. கோவையோ கொழும்போ, உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டைத் தொட்டால் அது கணக்கில் வரும். ஒரு பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 40,000 பவுண்டு என்பது 48 லட்சம். உங்கள் ஃபிளாட் 62 லட்சம், அதாவது சுமார் 51,700 பவுண்டு. எல்லையைத் தாண்டிவிட்டது. புது வீட்டைக் கணவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது. கணவன் மனைவி இருவர் சொத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

மாமனாரின் வீடு கணக்கில் வராது. பெற்றோர் பெயரில் இருக்கும் வீடு பிள்ளையின் சொத்தாகாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. “நான் இருக்கும்போதே பையன் பெயருக்கு எழுதிவிடுகிறேன்” என்று பெரியவர்கள் திடீரென்று கிளம்புவார்கள். இந்த ஒரு வருடத்தில் அப்படி எதுவும் வேண்டாம் என்று உங்கள் கணவர் பக்குவமாகச் சொல்லிவைக்கட்டும். எழுதி வாங்கிய அன்றே அது அவர் சொத்து. மதிப்பு 40,000 பவுண்டைத் தொட்டால் மறுபடியும் 8 சதவீதத்தில் வந்து நிற்பீர்கள். லைசா விஷயத்திலும் அது அவரைப் பாதிக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, இப்போது கணக்குப் போடலாம். வங்கி ஹோம் ரிப்போர்ட் மதிப்பை வைத்துத்தான் கடன் தரும், நீங்கள் பேசி முடித்த விலையை வைத்து இல்லை. 15 சதவீத டெபாசிட் என்றால் 2,40,000-க்கு 36,000. மேலே கொடுக்கும் 5,000-ஐ முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டும். ஆக 41,000. எல்பிடிடி 2,000. சொலிசிட்டர், பதிவு, வீடு மாற்றும் செலவுக்கு 3,000 வைக்கலாம். மொத்தம் 46,000. உங்களிடம் 52,000 இருக்கிறது, இதுவரை சமாளிக்கலாம். ஏடிஎஸ் 19,600-ஐச் சேர்த்தால் 65,600. இடிக்கிறது. இந்த வரிக்குக் கடனும் கிடைக்காது.

வாங்கிவிட்டு அப்புறம் ஃபிளாட்டை விற்றால் வரியைத் திருப்பித் தருவார்களே என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. வாங்கிய 36 மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றால் திரும்பக் கிடைக்கும் வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய வீட்டில், புது வீடு வாங்குவதற்கு முந்தைய 36 மாதத்தில் எப்போதாவது நீங்கள் குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் 2021-லேயே கிளம்பி வந்துவிட்டீர்கள். ஃபிளாட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார். உங்களுக்கு அந்த வழி திறக்காது.

அம்மா பெயருக்கு மாற்றுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையிலேயே அம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள் என்றால் சட்டம் தடுக்காது. அம்மாவின் சொத்து உங்கள் கணக்கில் சேராது. ஆனால் கொடுத்தால் கொடுத்ததுதான். நாளைக்கு அது அம்மாவின் வாரிசுகள் எல்லோருக்கும் போகும். வாடகை உங்கள் கணக்குக்கே வந்துகொண்டிருந்து, பெயர் மட்டும் மாறினால் அது கொடுத்தது ஆகாது, மறைத்தது ஆகும். உங்கள் விசா, உங்கள் நர்ஸ் பதிவு இரண்டும் நேர்மையான ஆவணங்களின் மேல் நிற்பவை. அதில் கை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பதில் இதுதான்: ஃபிளாட்டை விற்றுவிடுங்கள். விற்ற பிறகு லிவிங்ஸ்டனில் வாங்குங்கள்.

ஊரில் ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. முதல் சம்பளத்திலிருந்து இஎம்ஐ கட்டி வாங்கிய ஃபிளாட்டாக இருக்கும். ஆனால் எண்களைப் பாருங்கள். 2017-ல் ஒரு பவுண்டு சுமார் 84 ரூபாய். அன்றைய 42 லட்சம் என்பது 50,000 பவுண்டு. இன்றைய 62 லட்சம் 51,700 பவுண்டு. ரூபாயில் 20 லட்சம் ஏறியிருக்கிறது, பவுண்டில் பார்த்தால் 1,700-க்கும் குறைவு. வாடகை வருடத்துக்கு 1,68,000 ரூபாய், அதாவது 1,400 பவுண்டு. பராமரிப்பு, சொத்து வரி, பெயின்ட் செலவு போக எவ்வளவு மிஞ்சும் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் சம்பாதிப்பதும் செலவழிப்பதும் பவுண்டில். இந்த ஃபிளாட்டுக்காக 19,600 பவுண்டு வரி கட்டுவது, அதன் 14 வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிடுவதற்குச் சமம்.

விற்கும்போது இரண்டு நாட்டு வரியையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு லாபத்தில் 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். 20 லட்சம் லாபத்துக்கு சுமார் 2,60,000 ரூபாய். பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய வழி, இந்தியாவில் வசிப்பவர்களுக்குத்தான். என்ஆர்ஐ-க்கு இல்லை. இதைவிடப் பெரிய தலைவலி டிடிஎஸ். விற்பவர் என்ஆர்ஐ என்றால் வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தர வேண்டும். முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால், லாபத்துக்குப் பிடிக்க வேண்டியதை முழு விலைக்கும் பிடிப்பார்கள். 62 லட்சத்துக்கு அது 8 லட்சத்தைத் தாண்டும். பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் கிரயத்துக்கு முன்பே வருமான வரித்துறையிடம் குறைந்த டிடிஎஸ்-க்கான சான்றிதழ் வாங்குங்கள். கோவையில் என்ஆர்ஐ கணக்குகள் பார்க்கும் ஆடிட்டர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு இது அன்றாட வேலை. நேரில் போக முடியாவிட்டால் பவர் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் விற்கும் அதிகாரத்தோடு பணம் வாங்கும் அதிகாரத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பணம் இந்தியாவில் உள்ள உங்கள் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். வரி கட்டியதற்கு ஆடிட்டர் தரும் சான்றை வங்கி கேட்கும்.

பிரிட்டனில் வசிப்பவர் என்ற முறையில் இந்த லாபத்தை இங்கேயும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே லாபத்தைப் பவுண்டில் கணக்கிடுவார்கள், வாங்கிய நாளின் மாற்று விகிதம் தனி, விற்ற நாளின் விகிதம் தனி. நான் மேலே சொன்னபடி உங்கள் லாபம் 1,700-க்குள். வருடத்துக்கு 3,000 பவுண்டு வரை வரிவிலக்கு இருப்பதால் இங்கே கட்ட வேண்டியது ஒன்றும் வராது. ஃபிளாட் வாடகையை இதுவரை இங்கே வரிக்கணக்கில் காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை. காட்டவில்லை என்றால் இங்குள்ள வரித்துறையான எச்எம்ஆர்சி கேட்பதற்கு முன் நீங்களே தெரிவித்துச் சரிசெய்துவிடுங்கள். வெளிநாட்டு வருமானத்தைத் தாமாக வந்து சொல்பவர்களுக்கென்றே தனி வசதி வைத்திருக்கிறார்கள். தொகை சின்னதுதான், வீட்டுக்கடன் கேட்டு நிற்கும் நேரத்தில் அது பாக்கி இருக்கக் கூடாது.

இனி லைசா. வருடம் 4,000 போட்டால் அரசு 1,000 சேர்த்துத் தரும் அருமையான திட்டம் அது. ஆனால் உலகில் எங்குமே வீடு வைத்திருந்திராதவர்தான் அதை வீடு வாங்க எடுக்கலாம். நீங்கள் கோவையில் வாங்கிவிட்டீர்கள், விற்றாலும் முதல்முறை வாங்குபவர் ஆக மாட்டீர்கள். உங்கள் லைசாவை இப்போது உடைத்தால் 25 சதவீதம் பிடிப்பார்கள். 5,000-ல் 1,250 போய் 3,750 வரும், நீங்கள் போட்ட பணத்திலேயே 250 குறையும். அதைத் தொடாதீர்கள், 60 வயதுக்குப் பிறகு முழுசாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் கதை வேறு. அவர் பெயரில் எதுவும் இல்லை. மனைவிக்கு வீடு இருந்தது அவருடைய லைசாவைப் பாதிக்காது. கணக்குத் தொடங்கி 12 மாதம் ஆகியிருந்தால் அவருடைய 5,000-ஐ சொலிசிட்டர் மூலம் எடுத்து வீட்டுக்குப் போடலாம். முதல் வீடு வாங்குபவர்களுக்கான எல்பிடிடி சலுகை மட்டும் உங்களுக்குக் கிடைக்காது. வாங்குபவர்கள் இருவருமே முதல்முறையாக இருக்க வேண்டும். அதில் போவது அதிகபட்சம் 600 பவுண்டுதான், விட்டுவிடுங்கள்.

ஃபிளாட் விற்ற பிறகு எப்படி இருக்கும்? வரி, புரோக்கர் போக 58 லட்சம் என்று வைத்தால் சுமார் 48,000 பவுண்டு. உங்கள் லைசாவைத் தவிர்த்த சேமிப்பு 47,000. மொத்தம் 95,000. டெபாசிட்டை 25 சதவீதமாக, 60,000-ஆக உயர்த்துங்கள். மேலே 5,000, எல்பிடிடி 2,000, செலவு 3,000, ஆக 70,000. கையில் 25,000 நிற்கும். கடன் 1,80,000. 30 வருடம், 4.5 சதவீத வட்டி என்றால் மாதம் 910 பவுண்டு சொச்சம். 15 சதவீத டெபாசிட்டோடு 2,04,000 கடன் வாங்கியிருந்தால் 1,030-க்கு மேல். வட்டி என்றைக்காவது 6.5-ஐத் தொட்டால் அது 1,290 ஆகியிருக்கும். மிஞ்சும் 25,000-ஐயும் டெபாசிட்டில் போட்டுவிட வேண்டாம். நிரந்தரமாக இங்கே வசிக்கும் உரிமைக்கான (ஐஎல்ஆர்) கட்டணமே ஒருவருக்கு 3,000 பவுண்டைத் தாண்டுகிறது, நீங்கள் மூன்று பேர். விசாவில் இருப்பவர்களுக்குப் பல வங்கிகள் டெபாசிட் அதிகமாகக் கேட்பதும், விசாவில் எத்தனை மாதம் மிச்சம் என்று பார்ப்பதும் வழக்கம். 25 சதவீதம் கையில் இருந்தால் அந்தப் பேச்சும் எளிதாகும். விசா வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பழகிய மார்ட்கேஜ் புரோக்கரிடம் போங்கள்.

ஊரைப் பற்றி. லிவிங்ஸ்டனைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு முழுச் சம்மதம். போருக்குப் பிறகு ஸ்காட்லாந்தில் திட்டமிட்டுக் கட்டிய ஐந்து புதுநகரங்களில் இது நான்காவது, 1962-ல் அறிவித்தது. ஊர் நடுவே ஆமண்ட் ஆறு, நடப்பவர்களுக்குக் கார்ச் சாலையைத் தொடாத தனிப் பாதைகள், சாலைக்கு அடியில் கடக்கும் வழிகள். உங்கள் மகள் சைக்கிள் ஓட்டப் பழகும்போது இதன் அருமை தெரியும். ஆமண்டெல் பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது. இங்கே 22 வயதுக்குக் கீழ் எல்லோருக்கும் பஸ் இலவசம், ஒரு அட்டை வாங்கினால் போதும். கணவருக்கு லிவிங்ஸ்டன் நார்த்திலிருந்து ரயில், எடின்பரோ அரை மணி நேரத்துக்குள். 2025 செப்டம்பரிலிருந்து ஸ்காட்ரெயிலில் காலை நேரக் கூடுதல் கட்டணமும் இல்லை. உங்களுக்கு மருத்துவமனை பக்கம். ஆனால் அதிகாலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் பஸ்ஸை நம்ப முடியாது என்றால் கார் வேண்டியிருக்கும். அதன் இன்சூரன்ஸ், பெட்ரோலையும் மாதக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

அந்தப் பசுமைக்கும் ஒரு விலை உண்டு, வீட்டுக்கு வீடு அது மாறும். புதுநகரம் கட்டிய காலத்துப் பழைய பகுதிகளில் புல்வெளியைப் பெரும்பாலும் கவுன்சில் பார்த்துக்கொள்கிறது, கவுன்சில் டாக்ஸோடு முடிந்தது. தனியார் கட்டிய புதுக் குடியிருப்புகளில், புல் வெட்டுவதும் விளையாட்டுத் திடலைப் பார்ப்பதும் ஃபேக்டர் என்ற நிர்வாக நிறுவனம். செலவை வீட்டுக்காரர்கள் பங்கிட்டுக் கட்ட வேண்டும். அந்தக் கடமை வீட்டுப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும், வாங்குபவரிடம் அப்படியே வந்து சேரும். ஹோம் ரிப்போர்ட்டில் வீட்டுக்காரர் நிரப்பிய கேள்வித்தாள் பகுதி ஒன்று உண்டு, மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பலரும் புரட்டுவதில்லை. ஃபேக்டர் யார், எவ்வளவு வாங்குகிறார் என்பது அங்கே இருக்கும். கடைசி இரண்டு வருட பில்லைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஃபேக்டர் பதிவு செய்தவரா என்றும் சொலிசிட்டர் பார்க்கட்டும், 2011-ல் வந்த சட்டப்படி அது கட்டாயம்.

எலிபர்ன் வீடு கைநழுவினால் விலை குறைவாக இருக்கிறதே என்று 1960, 70-களில் கட்டிய வீடுகள் பக்கம் போவீர்கள். போகலாம், ஆனால் சுவரும் கூரையும் எந்த முறையில் கட்டியது என்று கேட்காமல் போகாதீர்கள். லிவிங்ஸ்டனில் டீன்ஸ் சவுத் என்ற குடியிருப்பு உண்டு. அங்கே கூரையில் போட்டிருந்த சிப்போரெக்ஸ் என்ற லேசான கான்கிரீட் பலகை பாதுகாப்பானதல்ல என்று 2004-ல் தெரிய வந்தது. கவுன்சிலிடமிருந்து வீட்டைச் சொந்தமாக வாங்கியிருந்த குடும்பங்கள் விற்கவும் முடியாமல், கடன் வாங்கவும் முடியாமல் வருடக்கணக்கில் போராடின. அந்தக் குடும்பங்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. இன்றைக்கு ராக் என்று எல்லோரும் பேசுவது அந்த லேசான கான்கிரீட்டைத்தான். சர்வேயர் அறிக்கையில் கட்டுமானம் வழக்கமானதல்ல என்று ஒரு வரி இருந்தாலும் வங்கியிடம் கேட்காமல் ஆஃபர் கொடுக்க வேண்டாம். சுற்றுவட்டாரம் ஷேல் பாறையையும் நிலக்கரியையும் தோண்டிய பூமி, வெஸ்ட் கால்டர் பக்கம் தெரியும் செம்மண் நிறக் குன்றுகள் அந்தச் சுரங்கக் கழிவுதான். சுரங்க அறிக்கையையும் சொலிசிட்டர் எடுக்க வேண்டும்.

இப்போது வரிசை. முதலில் கோவை ஆடிட்டரிடம் பேசி டிடிஎஸ் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், ஃபிளாட்டை விலைக்கு விடுங்கள். இந்த எலிபர்ன் வீடு அதுவரை நிற்காது, போகட்டும். அந்தப் பகுதியில் வீடுகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஏடிஎஸ் பார்ப்பது வீடு கைக்கு வரும் நாளின் முடிவில் உங்களிடம் எத்தனை வீடு இருக்கிறது என்பதை. அதனால் கோவையில் கிரயப் பதிவு முடிந்த பிறகே இங்கே ஆஃபர் கொடுங்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டோம், ஒப்பந்தம் போட்டுவிட்டோம் என்பது போதாது. இங்கே மிஸ்ஸிவ்ஸ் என்ற கடிதப் பரிமாற்றம் முடிந்துவிட்டால் இரு தரப்பும் கட்டுப்பட்டாயிற்று. அங்கே சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஒரு காகிதம் குறைந்து தேதி தள்ளிப்போனாலும் இங்கே நிறுத்த முடியாது. எடின்பரோ வாடகை வீட்டுக்கு 28 நாள் நோட்டீஸ் போதும். அதையும் மிஸ்ஸிவ்ஸ் முடிந்து, சாவி கிடைக்கும் தேதி உறுதியான பிறகு கொடுங்கள்.